மிஸ்ஸியம்மாவின் கோபம்: சாவித்திரியின் நடிப்பு குறித்து ஒரு மறுநோக்கு

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, உறவினர் வீடொன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்து 'மிஸ்ஸியம்மா' திரைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் மேரியாக வரும் சாவித்திரி, பாலுவாக வரும் ஜெமினி கணேசன்மீது சீறி விழும்போதெல்லாம் அறை முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. பெரியம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சிறிது நேரம் பொறுத்திருந்துவிட்டு, "ஏன் பிள்ளையள் சிரிக்கிறியள்? அந்தப் பெட்டை பயந்துபோயெல்லோ நிக்கிறாள்" என்றார்.

யாரும் மறுமொழி சொல்லவில்லை. 1989 ஆம் ஆண்டில் வேறொரு பெண்ணின் பெயரைத் தன் பெயராகச் சொல்லி, முன்பின் அறியாத ஒருவரின் மனைவி என்று எழுதப்பட்ட தாள்களோடு விமானம் ஏறி வந்தவர் அவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அன்றும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை, நான் பலமுறை பார்த்திருந்த படத்தை மீண்டும் முதலிலிருந்து பார்க்க வைத்தது. எழுபது ஆண்டுகளாக 'மிஸ்ஸியம்மா'வைக் குறித்து எழுதியவர்களும் பேசியவர்களும் சாவித்திரியின் மேரியை 'அழகான சிடுமூஞ்சி' என்ற அளவிலேயே பாராட்டி வந்துள்ளனர். அவரது கோபத்தை நகைச்சுவைக்குச் சேர்த்த சுவைப்பொருளாகவே நாமும் ரசித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கோபம் வெறும் குணச்சித்திரம் அன்று. அது அச்சத்தின் மறுமுகம். அவ்வாறு நோக்கும்போது, சாவித்திரியின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்றாக இதனையும் எண்ண வேண்டியிருக்கிறது.

கதையும் களமும்

'மிஸ்ஸியம்மா' 1955 ஆம் ஆண்டு தைப்பொங்கல் வேளையில் வெளிவந்தது. நாகிரெட்டி, சக்கரபாணி இருவரின் விஜயா நிறுவனம் தயாரித்த இப்படத்தை இயக்கியவர் எல். வி. பிரசாத். முந்திய ஆண்டில் 'மனோகரா'வை இயக்கியவரும் அவரே. ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி, இசை எஸ். ராஜேஸ்வரராவ், தமிழ்ப் பாடல்கள் தஞ்சை ராமையாதாஸ். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே காலத்தில் உருவான படம் இது. கதையின் வேர் வங்காளத்தில் உள்ளது. ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய ஒரு நகைச்சுவை நாடகம் 1935 இல் அங்கு திரைப்படமாகி, பின்னர் சக்கரபாணியின் கைப்பட்டுத் தென்னாட்டுக்கு ஏற்பத் திருத்தம் பெற்றது.

கதையை நினைவூட்டுவது பயனுடையது. கிராமம் ஒன்றில் ஜமீன்தார் ஒருவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார். பல ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன தம் மூத்த மகள் மகாலட்சுமியின் நினைவாக அமைத்த பள்ளி அது. அதற்குப் பட்டதாரிகளான கணவன் மனைவி இருவர் ஆசிரியர்களாகத் தேவை என்று விளம்பரம் செய்கிறார். பட்டம் பெற்றும் வேலையின்றித் திரியும் பாலுவின் கண்ணில் அந்த விளம்பரம் படுகிறது. மேரி கிறித்தவப் பெண். அவளை வளர்த்தவர் டேவிட் என்பவனிடம் கடன்பட்டிருக்கிறார். அந்தக் கடனைக் காட்டி மேரியை மணந்துகொள்ளத் துடிக்கிறான் டேவிட். கடனைத் தீர்க்க மேரிக்குச் சம்பளம் வேண்டும். வயிற்றைக் கழுவப் பாலுவுக்கும் சம்பளம் வேண்டும். ஆகவே இந்துத் தம்பதியர் போல நடித்து இருவரும் வேலைக்குச் செல்கின்றனர்.

அங்கே ஜமீன்தாராக எஸ். வி. ரங்காராவ், அவர் மனைவியாக ருஷ்யேந்திரமணி, இளைய மகள் சீதாவாக ஜமுனா, துப்பறியும் ஆசை கொண்ட மருமகன் ராஜுவாகக் கே. ஏ. தங்கவேலு ஆகியோர் இருக்கின்றனர். டேவிட்டாக வருபவர் எம். என். நம்பியார். இத்தனை பேரில் எவரும் கொடியவர் அல்லர். ஜமீன்தார் தம்பதியர் மேரியின் மீது பொழிவது மாசற்ற அன்பு. அந்த அன்புதான் அவளுக்குப் பெருந்தொல்லையாக முடிகிறது. கொடியவர்களிடம் பொய் சொல்வது எளிது; நல்லவர்களிடம் நாள்தோறும் பொய் சொல்லி வாழ்வது கடினம். இக்கதையின் நகைச்சுவை முழுவதும் இந்த நெருக்கடியில் இருந்தே பிறக்கிறது.

அக்காலத் தமிழ்ப் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் தனித்த ஒரு கிளையாக ஓடும். கதாநாயகனும் நாயகியும் காதலிப்பர், அழுவர். சிரிக்க வைப்பதற்கென வேறு நடிகர்கள் வருவர். 'மிஸ்ஸியம்மா'வில் தங்கவேலு இருந்தபோதிலும், சிரிப்பு கதையின் நடுவிலேயே இருக்கிறது. அதன் பாரத்தைச் சுமப்பவள் மேரி. அவள் ஒரு கணமும் தன் நிலையை வேடிக்கையாகக் கருதவில்லை என்பதே அதன் சூட்சுமம்.

கைமாறி வந்த வேடம்

இந்த வேடம் முதலில் சாவித்திரிக்கு உரியதாக இருக்கவில்லை. மேரியாக நடிக்கத் தெரிவானவர் பி. பானுமதி. படப்பிடிப்பு ஓரளவு நடந்த பின்னர் அவருக்கும் சக்கரபாணிக்கும் இடையே பிணக்கு மூண்டு, அவர் விலக நேர்ந்தது. இளைய மகள் வேடத்துக்குத் தெரிவாகியிருந்த சாவித்திரி மேரியானார். அவர் விட்ட இடத்துக்கு ஜமுனா வந்தார்.

பானுமதி நடித்திருந்தால் மேரி வேறொருத்தியாக இருந்திருப்பாள். பானுமதியின் கோபத்தில் ஆணை இருக்கும். எவருக்கும் தலைவணங்காத மிடுக்கு இருக்கும். அவர் பாலுவைக் கடிந்துகொண்டால், அவனை எந்நேரமும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார் என்று நாம் நம்புவோம். சாவித்திரியின் மேரிக்கு அந்த வலிமை இல்லை. கதவைச் சாத்தினால் தானும் தெருவில்தான் நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவளது கோபத்தின் அடியில் எப்போதும் ஒரு நடுக்கம் உண்டு.

அந்நாளில் சாவித்திரி புகழின் முதற்படிகளிலேயே இருந்தார். 1950 இல் இதே பிரசாத் இயக்கிய 'சம்சாரம்' தெலுங்குப் படத்தில் முக்கிய வேடம் ஒன்று அவரைத் தேடி வந்தது. பெரிய நடிகரின் எதிரே நின்ற பரபரப்பில் வசனம் சரிவர வராமல் அந்த வாய்ப்பு கைநழுவியது. 1951 இல் 'பாதாள பைரவி'யில் ஒரு நடனக் காட்சி, அதன்பின் துணை வேடங்கள், 1953 இல் 'தேவதாஸ்' பார்வதி என்று ஏறி வந்தவர் அவர். பதற்றத்தினால் ஒரு வேடத்தை இழந்தவர், ஐந்தாண்டுகளின் பின் அதே இயக்குநரின் படத்தில், பதற்றத்தையே உயிராகக் கொண்ட ஒரு வேடத்தை ஏற்று வென்றார்.

நடிப்புக்குள் நடிப்பு

சாவித்திரி இப்படத்தில் நடிப்பது ஒரு வேடம் அன்று, இரண்டு. மேரி என்ற பெண்ணாக நடிக்க வேண்டும். பாலுவின் மனைவியாக நடிக்கும் மேரியாகவும் நடிக்க வேண்டும். மேரி நல்ல நடிகை அல்லள். ஆகவே, நன்றாக நடிக்கத் தெரியாத ஒருத்தியை நன்றாக நடித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு நடிகைக்கு உண்டாகிறது. சற்றே கூடினால் கூத்தாகிவிடும். சற்றே குறைந்தால் ஜமீன்தார் தம்பதியர் ஏமாறுவதை நாம் நம்பமாட்டோம்.

இதற்கு அவர் கையாளும் முதற் கருவி குரல். ஜமீன்தார் முன்னிலையில் மேரியின் குரல் பணிவும் இனிமையும் கொண்டது. ஆனால் வழமையைவிடச் சற்று விரைவானது, பாடம் ஒப்பிக்கும் மாணவியின் குரல். தனியே பாலுவோடு இருக்கும்போது குரல் தடித்துச் சொற்கள் வெட்டி வெட்டி விழுகின்றன. இந்த இரண்டு குரல்களுக்கும் இடையில் மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு. எவரும் தன் அருகே இல்லாதபோது, தன் அன்னையாகிய மேரி மாதாவிடம் முறையிட்டுப் பாடும் இடத்தில் அதனைக் கேட்கலாம். பாடியவர் பி. லீலா. ஆயினும் அப்பாட்டுக்குச் சாவித்திரி தரும் முகம் படத்தின் வேறெந்த இடத்திலும் இல்லாத அமைதி கொண்டது. நாள் முழுவதும் வேறொரு பெண்ணாக வாழ்ந்தவள், அந்தச் சில நிமிடங்களில் மட்டும் தன் பெயருக்குத் திரும்பி வருகிறாள்.

இந்தக் காட்சியை மனதிற்கொண்டு மற்றைய காட்சிகளைப் பார்த்தால் அவளது சினத்தின் பொருள் விளங்கும். வேலையை இழக்கும் அச்சம், பொய் வெளிப்பட்டுவிடும் அச்சம், தன் சமயத்தைத் தானே மறைப்பதனால் எழும் குற்ற உணர்வு, அந்நிய ஆடவன் ஒருவனோடு ஒரே கூரையின்கீழ் தங்க வேண்டிய பெண்ணுக்கு இயல்பாகவே உள்ள எச்சரிக்கை ஆகிய நான்கும் அதில் கலந்துள்ளன. பாலு நல்லவன் என்பது நமக்குத் தெரியும். அவளுக்கு அது தெரிய நாட்கள் செல்ல வேண்டும். அதுவரை கோபமே அவளுக்கு வேலி. சிரித்துப் பேசினால் அவன் எல்லை மீறலாம். எனவே அவள் சிரிப்பதில்லை.

புகழ்பெற்ற நிலவுப் பாடலையும் இங்கே சொல்ல வேண்டும். இலங்கை வானொலியின் வழியாக எமது இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக ஒலித்த பாடல் அது. ஏ. எம். ராஜாவின் குரலையும் பி. லீலாவின் குரலையும் வானொலியில் மட்டும் கேட்டவர்கள் அதனைக் காதற் பாடல் என்றே எண்ணியிருப்பர். திரையில் அது வழக்காடும் பாடல். நேருக்கு நேர் பேச மனமில்லாத இருவர், நிலவை நடுவராக வைத்து ஒருவர்மேல் ஒருவர் குறை கூறுகின்றனர். ஜெமினி குறும்போடு முறையிடுகிறார். சாவித்திரி உண்மையான மனக்குறையோடு முறையிடுகிறார். பாட்டு ஒன்று, ராகம் ஒன்று; ஆனால் இருவரும் இரு வேறு உலகங்களில் நிற்கின்றனர். பார்ட்லியின் நிலவொளி அவ்விரு உலகங்களையும் ஒரே முற்றத்தில் சேர்த்து வைக்கிறது.

பின்னர் சீதாவுக்குப் பாலு இசை கற்பிக்கத் தொடங்கும்போது மேரிக்குப் பொறாமை எழுகிறது. இந்த இடத்தில் எளிய நடிகை ஒருவர் 'காதல் வந்துவிட்டது' என்று முகத்தில் எழுதி ஒட்டியிருப்பார். சாவித்திரியோ, தனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பதே விளங்காத பெண்ணாக நிற்கிறார். பாலுவை வெறுப்பதாகத் தினந்தோறும் சொல்லி வந்தவள், அவன் வேறு ஒருத்தியோடு சிரித்துப் பேசினால் மகிழ வேண்டும் அல்லவா? மகிழ முடியவில்லை. அந்த வியப்பே அவள் முகத்தில் முதலில் தோன்றுகிறது. கோபம் அதன் பின்னரே வருகிறது. காதலை அவளுக்கு முன்பாகவே நாம் அறிந்துகொள்கிறோம். காதல் நகைச்சுவையின் இலக்கணமே அதுதான்.

சீமந்தக் காட்சி

அவளது மனக்குழப்பத்தை ஜமீன்தார் தம்பதியர் கர்ப்பத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு சீமந்தத்துக்கு ஏற்பாடு செய்யும் பகுதி, படத்தின் நகைச்சுவை உச்சம் எனப் பலராலும் கூறப்படுவது. கூட்டம் சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம். ஆனால் மணமாகாத பெண் ஒருத்திக்கு, ஊர் கூடி, வளைகாப்பும் வாழ்த்தும் செய்ய முனையும்போது அவளுடைய உள்ளம் என்ன பாடுபடும்? உடுத்த உடை, சொன்ன பெயர், கும்பிட்ட தெய்வம் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து வந்தவளிடம், இப்போது அவளுடைய மானமும் கேட்கப்படுகிறது. அதற்குமேல் அவளால் நடிக்க இயலவில்லை. உண்மையைப் போட்டு உடைக்கிறாள்.

அந்த வெடிப்பு திடீரென வந்ததன்று. படத்தின் தொடக்கத்திலிருந்தே சாவித்திரி அதற்கு விறகு அடுக்கி வந்திருக்கிறார். முன்னைய சினங்களை வேடிக்கை என்று ஒதுக்கியவர்களுக்கு இக்காட்சி மிகையாகத் தோன்றலாம். அவற்றை அச்சம் என்று கண்டவர்களுக்கு இது தவிர்க்கவொண்ணாத முடிவு.

இரு மொழிகள், இரு நாயகர்கள்

தெலுங்குப் பதிப்பில் நாயகன் என். டி. ராமராவ், துப்பறியும் மருமகனாக வருபவர் அக்கினேனி நாகேஸ்வரராவ். சாவித்திரி, ஜமுனா, ரங்காராவ் ஆகியோர் இரு பதிப்புகளிலும் உள்ளனர். ஆகவே ஒரே காலப்பகுதியில், ஒரே வேடத்தை, இரு மொழிகளில், இரு வேறு நாயகர்களின் எதிரே அவர் நடித்தார். ராமராவின் நாயகன் கம்பீரம் குறையாதவர். அவரோடு மோதும் மேரி பாறையில் முட்டுபவள் போல இருக்கிறாள். ஜெமினியின் பாலு மென்மையானவர், வளைந்து கொடுப்பவர். அவரைத் திட்டும் மேரிக்கு, திட்டிய பின் ஒரு சிறு தயக்கமும் சேர்ந்து வருகிறது. தமிழ் மேரியின் கோபம் சற்று இளகியது என்றால், அதற்குக் காரணம் எதிரே நிற்கும் ஆளைப் பார்த்து நடிக்கும் சாவித்திரியின் ஆற்றலே.

1957 இல் ஏவி. எம். நிறுவனம் இதே கதையை 'மிஸ் மேரி' என்ற பெயரில் இந்தியில் எடுத்தது. இயக்குநர் அதே எல். வி. பிரசாத், நாயகன் அதே ஜெமினி கணேசன், மேரியாக மீனாகுமாரி. துயர நாயகியாகவே பெயர் பெற்ற மீனாகுமாரியும் அதில் இயல்பாக நடித்துள்ளார். எனினும் அவரது மேரி சிணுங்குகிறாள்; சாவித்திரியின் மேரி சீறுகிறாள். சிணுங்கலுக்குப் பின்னால் செல்லம் உண்டு. சீற்றத்துக்குப் பின்னால் போக்கிடமின்மை உண்டு.

கண்ணீரால் மறைந்த கலை

இவ்வளவு நுட்பமான நடிப்பு ஏன் உரிய இடத்தைப் பெறவில்லை? 'நடிகையர் திலகம்' என்றவுடன் நாம் நினைப்பது 1961 இன் 'பாசமலர்'. அண்ணனுக்காக உருகும் அந்தத் தங்கையின் கண்ணீரே எமது நினைவில் சாவித்திரியின் முகமாக நிலைத்துவிட்டது. அழ வைப்பவரைப் பெரிய கலைஞர் என்றும், சிரிக்க வைப்பவரை இனிய பொழுதுபோக்கு என்றும் கொள்ளும் பழக்கம் எம்மிடையே நெடுநாளாக உண்டு.

அவருடைய சொந்த வாழ்வும் அக்கண்ணீரோடு கலந்துவிட்டது. பொருள் இழப்பு, தனிமை, நெடுநாள் நினைவிழந்து கிடந்து 1981 டிசம்பரில் எய்திய மறைவு என்று அவர் கதையை அறிந்தவர்கள், அவர் சிரித்த படங்களையும் துயரத்தின் முன்னுரையாகவே பார்க்கின்றனர். 2018 இல் வெளிவந்து கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த வாழ்க்கை வரலாற்றுப் படமும் இந்த எண்ணத்தையே வலுப்படுத்தியது.

இதில் வியப்புக்குரிய ஒரு முரணும் உண்டு. சாவித்திரியும் ஜெமினியும் 1952 இலேயே இரகசியமாக மணம் செய்துகொண்டவர்கள். அதனைச் சில ஆண்டுகள் வெளியுலகு அறியவில்லை. திரையில் மணமாகாத இருவர் மணமானவர்களாக நடித்தனர். திரைக்கு வெளியே மணமான இருவர் மணமாகாதவர்களாக நடித்தனர். இதனைக் கொண்டு நடிப்பை விளக்கிவிட முடியாது. அவர் நடித்தது தன் கதையை அன்று, மேரியின் கதையை. ஆயினும் மறைத்து வாழ்தல் என்றால் என்ன என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

இந்தத் திறமையின் அடுத்த படியை 1957 இன் 'மாயாபஜார்' படத்தில் காணலாம். அதுவும் விஜயா நிறுவனப் படமே. அதில் கடோற்கஜன் இளவரசியின் உருவம் எடுத்து வரும் பகுதியில், பெண்ணுருவில் இருக்கும் அரக்கனாகச் சாவித்திரி நடித்தது இன்றும் வியந்து பேசப்படுகிறது. ஒருவருக்குள் மற்றொருவரை வைத்து நடிக்கும் அந்தக் கலையை அவர் ஏற்கெனவே மேரியாக நடித்தபோது காட்டிவிட்டார். அரக்கன் என்றதும் எல்லோரும் கவனித்தனர். ஏழை ஆசிரியை என்றபோது கவனிக்கவில்லை.

படத்தின் குறை

படத்தில் குறை இல்லை என்று சொல்வதற்கில்லை. மேரிதான் காணாமற்போன மகாலட்சுமி என்று இறுதியில் தெரிய வருகிறது. காதலும் குடும்பமும் சொத்தும் ஒருங்கே கைகூடுகின்றன. கிறித்தவப் பெண்ணும் இந்து வாலிபனும் மணப்பதில் உள்ள சிக்கலைத் தீர்க்காமல், அவள் பிறப்பால் இந்துவே என்று கூறிக் கதை தப்பித்துக்கொள்கிறது. இத்தனை நாளும் அவள் எதை மறைக்க நேர்ந்ததென்று தவித்தாளோ, அது மறைக்க வேண்டிய ஒன்றாகவே இல்லாமற் போகிறது. மாதாவிடம் முறையிட்ட அந்தப் பெண்ணை இந்த முடிவு ஓரளவு கைவிடுகிறது என்றே தோன்றுகிறது. ஆயினும் அதற்கு முன்னர் அவள் பட்ட பாட்டினை எந்த முடிவும் அழித்துவிட முடியாதபடி சாவித்திரி நடித்து முடித்துவிட்டார்.

அன்று படம் முடிந்த பின் தேநீர் பரிமாறப்பட்டது. இளையவர் ஒருவர், "மகாலட்சுமி எண்டு தெரிஞ்சாப் பிறகு அவவை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவினம், பெரியம்மா?" என்று கேட்டார். பெரியம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது யோசித்தார். "அவை என்னவெண்டாலும் கூப்பிடட்டும். பின்னால நிண்டு மேரி எண்டு ஆரும் கூப்பிட்டா, அவள் திரும்பித்தான் பார்ப்பாள்" என்றார்.

வாசகர்கள் இப்படத்தை மீண்டும் பார்க்கும் வாய்ப்பு நேர்ந்தால், சிரிப்புக்குக் குறைவில்லாமல் பார்க்கட்டும். ஆனால் மேரி சீறும் இடங்களில் பாலுவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒருமுறை அவளுடைய முகத்தையும் பார்க்க வேண்டுகிறோம்.